குரலுக்கு இரண்டு சாட்சி

பஸ்ரியாம்பிள்ளையின் வாயைப் பற்றி ஊர்காவற்துறையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். மாகாணசபையில் அவர் பேச எழும்பினால் மற்ற உறுப்பினர்கள் வெளியே போய், தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்து, திரும்பி வந்து கதிரையில் இருக்கும்போதும் அவர் முன்னுரையில்தான் நிற்பாராம். கோயில் பெருநாளில் நன்றியுரைக்கு விட்டால் சுவாமியாரே இரண்டுதரம் செருமிக் காட்டுவாராம். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அவர் தொடங்கும்போது கடல் வற்றில் தரைதட்டிக் கிடந்த வள்ளம், அவர் முடிக்கும்போது பெருக்கு வந்து மிதந்துகொண்டு நின்றதாம். கடைசிக் கதை கொஞ்சம் கூட்டிச் சொன்னது. மற்றவை உண்மை.

அந்த வாய் இப்போது சும்மா இருக்கிறது. தொண்டையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, போன மாரிக்குள் குரல்வளையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. மூச்சு அதுவழியாகத்தான் போய் வருகிறது. அதை மறைத்துக் கட்ட, பழைய பருத்திச் சீலையைக் கிழித்துச் சின்னச் சின்னத் துணிகளாக றோஸ் தைத்து வைத்திருந்தாள்.

றோஸ் அவருடைய மனைவி. மனுசன் சபைக்குப் போன காலத்திலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போன காலத்திலும் சரி, விடியப்புறம் கரைக்குப் போய் வலையில் மீன் கழற்றுவதை விடாதவள். முன்பு அவருடைய வலை, இப்போது மகன் ஜோர்ஜின் வலை, அவ்வளவுதான் வித்தியாசம். நன்றி சொல்வதில் அவள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வெட்டிய டொக்டருக்கு நன்றி சொன்னாள். ஒரு சொல் தமிழ் தெரியாமலே தன் போர்வையை எடுத்துத் தந்து இவளைத் தூங்க வைத்த சிங்கள நேர்ஸ் பிள்ளைக்கு, கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் முழுக்க வீட்டு ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்ட பக்கத்து வீட்டுக் குருசுமுத்துவுக்கு, வந்த அன்றைக்கே ஒரு கோர்வை மீன் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாதாவுக்குத் தினமும்.

ஆனால் மாதாவிடம் அவள் இன்னும் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனுசன் கதைக்க வேண்டும்.

கதைக்க வழி இல்லாமல் இல்லை. கழுத்தில் அழுத்திப் பிடித்துக் கதைக்கிற மிசின் ஒன்றைப் பிரான்சிலிருந்து மகள் ஜெயந்தா அனுப்பியிருந்தாள். பார்க்க இருட்டில் அடிக்கிற ரோச் லைற் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே சரியான இடத்தில் வைத்து, பொத்தானை அமத்தி, வாயை அசைத்தால் சொல் வரும். குரல் அல்ல, சொல் மட்டும். ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது. தண்ணி மோட்டர் தமிழ் படித்தது போலிருக்கும். வீட்டுக்கு வந்த புதிதில் அவர் அதை ஒருதரம் வைத்து, "றோஸ்" என்றார். முற்றத்தில் படுத்திருந்த நாய் திடுக்கிட்டு எழும்பி, தன் எசமானைப் பார்த்தே குரைத்தது.

அன்றைக்கு மிசினைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தவர்தான். அதற்குப் பிறகு எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒன்று அவர் கையில் இருந்தது. அதிலும் சபைத் தமிழ்தான். "தேநீர் தேவை" என்று எழுதிக் காட்டுவார். "உப்பு போதுமானதாக இல்லை" என்பார். முதலில் றோஸுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பலகையும் குறைந்தது. கோயிலுக்குப் போவதை விட்டார். கரைப்பக்கம் போவதை விட்டார். ஆராவது படலையைத் தட்டினால் அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகள் வீடியோவில் வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுகிறார்.

கிளினிக்கில் இருந்த நேர்ஸ் றோஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அம்மா, கதைக்கப் பழகாட்டி மனம் விழுந்துபோம். மனம் விழுந்தா சாப்பாடும் இறங்காது. வெட்டினது சுகமாகிட்டுது. இனி அவரைக் கொண்டுபோறதெண்டா உந்த மௌனம்தான் கொண்டுபோகும்."

அந்தச் சொல் றோஸின் நெஞ்சில் போய் நின்றுவிட்டது. அவள் கெஞ்சிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, எந்தச் சத்தத்திலை எண்டாலும் பறவாயில்லை. நாய் குரைச்சாக் குரைக்கட்டும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் நித்திரையான நேரம் பார்த்து, குசினிக்குள் நின்று, மிசினைத் தன் கழுத்திலேயே வைத்துக்கூடப் பார்த்தாள். எந்த இடத்தில் வைத்தால் சொல் தெளிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்ய, கதைக்க வேண்டியவர் அவள் அல்லவே.

இப்படியிருக்கும்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். பெயர் அன்ரனிட்டா. ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை. மாகாணசபையில் பேசியவர்களுடைய பேச்சுப் பதிவுகளைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, ஆரும் கேட்கிற மாதிரி வைக்கிறார்களாம். சில பதிவுகளில் பேசுகிறவர் ஆர் என்று பெயர் இல்லை. ஐயா இருந்து கேட்டுச் சொன்னால் பெரிய உதவி என்றாள்.

"வாரும் பிள்ளை," என்றாள் றோஸ். "ஐயா வீட்டிலைதான் இருக்கிறார்."

ஐயாவுக்குக் குரல் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாளோ என்று பயம். அவருடைய குரல் ஒரு பெட்டிக்குள் இருந்து வீடு தேடி வருகிறது என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளை வருகிற அன்றைக்குச் சோளகக் காற்று பிடித்து அடித்தது. கடல் முழுக்க நுரை. வள்ளங்கள் ஒன்றும் இறங்கவில்லை. எந்தக் கதவைச் சாத்தினாலும் மண் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. வருகிற பிள்ளைக்கு என்று றோஸ் கூழ் காய்ச்சினாள். முதல் நாள் ஜோர்ஜ் கொண்டுவந்த நண்டும் திருக்கையும், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பெரிய பானையில் அவிந்துகொண்டிருக்க, ஊறவைத்த பனங்கிழங்கு ஒடியல் மாவைப் பிழிந்து, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்து வைத்தாள். மனுசனுக்கு முள்ளும் கோதும் இல்லாமல் வடித்து ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுக்க வேண்டும். உறைப்பும் குறைவு.

ஓட்டோ வந்து நின்றது. கணினிப் பையோடு அன்ரனிட்டா இறங்கினாள். மெலிந்த பிள்ளை, காற்றில் தலைமயிர் முழுக்க முகத்தில். அவளுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்று இறங்கியது. றோஸுக்குப் பகீரென்றது. வேலணைப் பாலசிங்கம்.

பாலசிங்கமும் சபையில் உறுப்பினராக இருந்தவர்தான். தெற்கில் கடை வைத்திருந்து, கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்த குடும்பம். அவரும் பஸ்ரியாம்பிள்ளையும் ஒரே கட்சி. அதனால் சண்டைக்குக் குறைவில்லை. வேறு கட்சி என்றால் இவ்வளவு நெருக்கமாகச் சண்டை பிடிக்க வசதி இருந்திராது. ஆஸ்பத்திரிக்கு ஊரே வந்தது, பாலசிங்கம் மட்டும் வரவில்லை.

"தங்கச்சி, சுகமோ?" என்றார் பாலசிங்கம், குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல். "என்ன காத்து இது! வேலணையிலை இருந்து வாறதுக்குள்ளை ஓட்டோ இரண்டுதரம் றோட்டை விட்டுக் கீழை இறங்கிட்டுது."

"வாங்கோ அண்ணை. இருங்கோ," என்றாள் றோஸ். மனதுக்குள், மாதாவே, இந்த மனுசனையா அனுப்பினாய் என்று கேட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளையை அவள் கையைப் பிடித்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. கழுத்துத் துணியைக் கண்டதும் அன்ரனிட்டாவின் முகம் மாறியது.

"அன்ரி, நீங்கள் போனிலை சொல்லேல்லையே. ஐயாவைக் கரைச்சல்படுத்திப்போட்டன். நாங்கள் வேறை நாள்…"

"இல்லைப் பிள்ளை, இரும். அவருக்குக் காது நல்லாக் கேக்கும். தலையை ஆட்டுவார். எழுதுவார்."

"குரல் போனது எனக்குத் தெரியும்," என்றார் பாலசிங்கம். "ஆனா இந்தப் பிள்ளை என்னைக் கேக்கேல்லை." பிறகு கூட்டாளியைப் பார்க்காமல் கதிரையின் கையைப் பார்த்துச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு வரேல்லை எண்டு கோவமோ பஸ்ரி? நான் வந்து என்ன கதைக்கிறது? நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் என்னத்தைக் கதைச்சனாங்கள்?"

பஸ்ரியாம்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகை மடியில் கிடந்தது.

அன்ரனிட்டா தங்கள் வேலைமுறையை விளங்கப்படுத்தினாள். ஒரு குரலுக்குப் பெயர் போடுவதென்றால் அந்தக் காலத்தில் சபையில் இருந்த இரண்டு பேர் ஒன்றாக இருந்து கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பெயர் போடலாம்; அதற்குத்தான் பாலசிங்கத்தையும் கூட்டிவந்தாளாம். தனித்தனியாகப் போய்க் கேட்டால் நல்ல பேச்செல்லாம் தன்னுடையது என்றும், உளறல் எல்லாம் மற்றவருடையது என்றும் சொல்லிவிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"அப்பிடி ஆர் சொன்னவை?" என்றார் பாலசிங்கம், நிமிர்ந்து.

"பெயர் சொல்லக்கூடாது ஐயா."

முதலில் வரவுசெலவு விவாதம் ஒன்றைப் போட்டாள். அதில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பரீட்சித்துப் பார்க்க மட்டும். கணினியோடு பொருத்திய சின்னப் பெட்டியில் இருந்து, "கௌரவ அவைத்தலைவர் அவர்களே!" என்று ஒரு குரல் கிளம்பியது. முழங்குகிற, கரகரத்த, தன்னைத்தானே விரும்புகிற குரல்.

கூழ்ச்சட்டியோடு வந்த றோஸ் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தக் குரல் வீட்டில் இருந்தது. தேத்தண்ணி கேட்டது, பிள்ளைகளை ஏசியது, செபமாலைக்கு நடுவில் கொட்டாவி விட்டது. எத்தனை நாள், "கொஞ்சம் வாயைப் பொத்துங்கோவன்" என்று சொல்லியிருப்பாள்! இப்போது அதைக் கேட்க அவளுக்கு அழுகை பொங்கியது. உள்ளே திரும்பிப் போய், அடுப்புப் புகை என்று பேர்பண்ணிக்கொண்டு நன்றாக அழுதாள். இதைக் கேட்கவிட்டாயே மாதாவே, நன்றி என்றும் சொல்லிக்கொண்டாள்.

அவரோ தலையை மட்டும் ஆட்டினார். ஆம், நான்தான். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. செத்தவருடைய குரலுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் போல இருந்தார். இந்தப் பெட்டி அவரை இன்னும் உள்ளே தள்ளிவிடப்போகிறதோ என்று றோஸ் பயந்தாள்.

"அடுத்தது தான் கஷ்டம்," என்றாள் அன்ரனிட்டா. "அண்டைக்குக் கரண்ட் இல்லை. மைக் வேலை செய்யேல்லை. ஆரோ ஒரு உத்தியோகத்தர் பின்வரிசை வாங்கிலை இருந்து தன்ரை போனிலை எடுத்தது. குரல் சரியாத் தெளியாது. ஆனா நல்ல பேச்சு. எங்கடை ஒபிசிலை எல்லாருக்கும் பிடிச்சது."

பெட்டி இரைந்தது. கதிரை இழுபடுகிற சத்தம், இருமல், ஆரோ விசிறுகிற சத்தம். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள் நின்று கதைப்பது போல ஒரு ஆண்குரல் கேட்டது.

"…இறங்குதுறை கட்டினியள். றோட்டுப் போட்டியள். ஐஸ் அறை கட்டித் தாறம் எண்டு சொல்லுறியள். சந்தோசம். ஆனா கௌரவ அவைத்தலைவர் அவர்களே, கரையிலை நிண்டு மீன் கழட்டுற பொம்பிளையளுக்கு ஒரு மலசலகூடம் இல்லை…" மண்டபத்தில் ஆரோ சிரித்தார்கள். "சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. நானும் முந்தி சிரிச்சிருப்பன்…"

"நிப்பாட்டும் பிள்ளை," என்றார் பாலசிங்கம். கையை உயர்த்தி, முழுத் திருப்தியோடு. "எழுதும். இது நான்."

பஸ்ரியாம்பிள்ளையின் தலை நிமிர்ந்தது.

"அந்தக் காலத்திலை பொம்பிளையளின்ரை பிரச்சினையை எடுத்துக் கதைச்சது நான் ஒருத்தன்தான்," என்று தொடர்ந்தார் பாலசிங்கம். "மலசலகூடப் பேச்சு எண்டே அதுக்குப் பேர். எங்கடை வேலணையிலை இப்பவும் சொல்லுவினம்."

பஸ்ரியாம்பிள்ளை பலகையை எடுத்தார். பெரிய எழுத்தில் எழுதித் திருப்பிக் காட்டினார்: "அது எனது உரை."

பாலசிங்கம் கண்ணாடியைத் தூக்கி வாசித்தார். "இஞ்சை தாரும்," என்று பலகையையும் பேனையையும் வாங்கி, அதற்குக் கீழே வடிவான எழுத்தில் "அது எனது உரை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். "எழுதுறதெண்டா ஆரும் எழுதலாம் பஸ்ரி. நீர் வள்ளம், வலை, மண்ணெண்ணெய் இதுகளைப் பற்றித்தானே கதைச்சனீர். பொம்பிளையளைப் பற்றி நீர் எந்தக் காலம் யோசிச்சனீர்?"

பஸ்ரியாம்பிள்ளையின் முகத்தில் இரத்தம் ஏறுவதை றோஸ் கண்டாள். கழுத்துத் துணி மூச்சில் பட பட என்று அடித்தது. மூச்சு ஏறி ஏதும் வந்துவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் கோபத்தைக் கண்டது நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் குறுக்கே போகவில்லை.

அன்ரனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஐயாமார், இரண்டு பேரும் ஒத்துவராட்டி நாங்கள் 'அடையாளம் காணப்படாத உறுப்பினர்' எண்டுதான் போடவேணும். அதுதான் சட்டம். மிச்சத்தைப் போட்டுப் பாப்பம், எங்கையாவது பேர் வருதோ எண்டு…"

பஸ்ரியாம்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். போடாதே. எழும்பினார். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. நேரே அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் றோஸ் கையில் அகப்பையோடு அறைப்பக்கம் திரும்பினாள்.

துவாய் தோளில் தொங்க, மிசினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பாலசிங்கத்துக்கு முன்னால் நின்றார். கழுத்தில் வைத்து அமத்தினார். வெறும் இரைச்சல்தான் வந்தது. நாய் குரைத்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருதரம் அமத்தினார். திரும்பவும் இரைச்சல். அவருடைய கண் கலங்கத் தொடங்கியது. றோஸ் கூழ் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மிசினைத் தாடைக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

"இதிலை. இப்ப அமத்துங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ."

"அடுத்தது," என்றது மிசின். "நான். சொல்லுறன்."

பாலசிங்கம் கதிரையில் நேராக இருந்தார்.

"பிறகு. போட்டுப். பாருங்கோ."

அவர் பாடமாக்கிப் பேசுகிறவர். சபைக்குப் போகுமுன் கரையில் நடந்து நடந்து கடலுக்குச் சொல்லிப் பார்க்கிறவர். பேசிய பேச்சு அவருக்கு மறப்பதில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லாமல், அந்த மோட்டர்ச் சத்தத்தில் சொல்லத் தொடங்கினார்.

"விடியப்புறம். கரைக்குப் போற. பொம்பிளையள். முதல் நாள். பின்னேரத்தோடை. தண்ணி குடிக்கிறதை. விட்டிடுகினம். இதை. எனக்குச் சொன்னது. எந்த. அறிக்கையும் இல்லை. என்ரை. மனுசி."

றோஸின் கை அவருடைய மணிக்கட்டிலேயே இருந்தது.

"இவ்வளவு காலம். ஒரு வீட்டிலை. இருந்து. ஒரு சட்டியிலை. சாப்பிட்டும். அவ. தாகத்தோடை. என்ரை வலையிலை. மீன் கழட்டினதை. நான். கவனிக்கேல்லை."

மூச்சு எடுக்க நின்றார். பாலசிங்கத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கியவர், இப்போது றோஸைப் பார்த்தார்.

"எனக்கு. வெக்கமாக். கிடக்கு."

அதோடு அவரால் ஏலவில்லை. மிசினைப் பிடித்த கை கீழே இறங்கியது. அன்ரனிட்டா பொத்தானைத் தட்டினாள். கிணற்றுக் குரல் திரும்ப வந்தது. விடியப்புறம் கரைக்குப் போற பொம்பிளையள், முதல் நாள் பின்னேரத்தோடை தண்ணி. எந்த அறிக்கையும் இல்லை, என்ரை மனுசி. ஒரு வீடு, ஒரு சட்டி, தாகம். இங்கொன்றும் அங்கொன்றும் சொல் முன்பின்னாக இருந்தது; மற்றதெல்லாம் அப்படியே. "எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றது பெட்டி. மண்டபத்தில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. குரல் கொஞ்சம் தாழ்ந்து, இன்னும் ஒன்று சொன்னது.

"இதை வீட்டிலை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அதாலை இஞ்சை சொல்லுறன்."

றோஸுக்கு அந்த நாள் நினைவு வந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கரைக்குப் போவதென்றால் தண்ணிகூடக் குடிக்க ஏலாது என்று சலித்துப்போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார். ம் என்றுகூடச் சொல்லவில்லை. சுவருக்குச் சொல்லியிருக்கலாம் என்று இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். பிறகு கரையில் மலசலகூடம் வந்தது. தண்ணித் தாங்கி, பூட்டு, வெளிச்சம் எல்லாம் போட்டு நல்ல கட்டடம். ஆர் செய்தது என்று பெண்டுகளுக்குத் தெரியாது; அரசாங்கம் என்றார்கள். றோஸ் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். இத்தனை வருசமும் முகம் தெரியாத ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்த நன்றிக்கு உரிய ஆள், அவள் பிடித்த மணிக்கட்டுக்குச் சொந்தக்காரன்தான்.

"விசர் மனுசன்," என்றாள், அழுதுகொண்டே. "அவ்வளவு சனத்துக்கும் சொன்னனீங்கள். எனக்குச் சொல்ல இவ்வளவு காலமோ?"

அவர் மிசினை எடுத்தார். இந்தமுறை தானாகவே சரியான இடத்தில் வைத்தார். "நீர். ஏசுவீர். எண்டு. பயம்."

அன்ரனிட்டா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கதிரை ஒன்று இழுபட, அதற்குள்ளே இன்னொரு குரல் தெளிவாக, "நான் இதை வழிமொழிகிறேன்," என்றது.

"கேட்டியளோ!" பாலசிங்கம் துள்ளி எழும்பினார். "அது நான்! அதெண்டாலும் நான்தானே?"

மிசின் உடனே, "ஓம்," என்றது. "அது. நீர். ஒரு. வரி."

"அந்த ஒரு வரி இல்லாட்டி உம்மடை பேச்சு காத்தோடை போயிருக்கும். எழுதும் பிள்ளை. பேசினது பஸ்ரியாம்பிள்ளை. நிறைவேத்தினது பாலசிங்கம்."

"வழிமொழிந்தது," என்றது மிசின். "எண்டு. எழுதும்."

பிறகு அந்தச் சண்டை எங்கே நின்றது! பலா இலையை மடித்துக் குத்திய பிலாவில் கூழை ஊற்றிக் கொடுத்தாள் றோஸ். இரண்டு பேரும் ஒரு வாய் குடிப்பதும், ஒரு வாய் சண்டை பிடிப்பதுமாக இருந்தார்கள். அவைத்தலைவர் ஆர் பக்கம் சாய்ந்தார், மண்ணெண்ணெய் மானியத்தைக் கெடுத்தது ஆர், எந்த வாங்கில் ஆர் இருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு கையில் மிசினும் மறு கையில் பிலாவுமாக இருந்ததால் பஸ்ரியாம்பிள்ளைக்குத் துணியெல்லாம் கூழ். வாயசைப்புப் பிழைத்துப் பாதிச் சொல் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் பாலசிங்கம் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார், அதற்கு வேறு ஒரு சண்டை. அன்ரனிட்டா அடுத்த பதிவுகளைப் போடப் போட, பெயருக்கு மேல் பெயராக வந்தது. தனக்கென்று சட்டியில் எடுத்து வைத்த கூழ் முழுவதையும் மனுசன் குடித்து முடித்ததை றோஸ் மட்டும் கண்டாள். வெறுஞ்சட்டியை அவள் இரண்டுதரம் கழுவினாள்.

பின்னேரம் ஓட்டோ வந்து நின்றது. அன்ரனிட்டா இரண்டு கையாலும் றோஸின் கையைப் பிடித்தாள். "பெரிய உதவி அன்ரி. ஐயா பேசினதெல்லாத்தையும் உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுறன்."

"உமக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை. நல்லா இருப்பீர்."

பாலசிங்கம் குடையை விரிக்கப் பார்த்து, காற்று அதை மறுபக்கம் மடித்துவிட, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். றோஸ் கிட்டப் போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, எனக்கு விளங்கிட்டுது. அவரைக் கதைக்க வைக்க வேணும் எண்டுதானே உங்கடை பேச்சு எண்டு சொன்னனீங்கள்? சாகுமட்டும் மறக்கமாட்டன். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

பாலசிங்கம் குடையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். உண்மையிலேயே மனம் நொந்த முகம்.

"என்ன தங்கச்சி நீங்களும் இப்பிடிச் சொல்லுறியள்? நான் ஏன் நடிக்க? சரி, சபையிலை வாயாலை சொன்னது அவர், அது பதிவிலை கிடக்கு, நான் மறுக்கேல்லை. ஆனா சொல்லிக் குடுத்தது ஆர்? முதல் நாள் தேத்தண்ணிக் கடையிலை வைச்சு நான்தான் சொன்னனான், பஸ்ரி, உந்தப் பொம்பிளையள் தண்ணி குடிக்கிறேல்லையாம், அதை எடுத்துக் கதையும் எண்டு. யோசனை முழுக்க என்ரை. அந்த மனுசன் அதை மறைச்சு, மனுசி சொன்னது எண்டு போட்டிட்டார்."

மீன் நாற்றம் பிடித்த கையோடு அன்றைக்கு அதை மனுசனுக்குச் சொன்னவள் அவருக்கு முன்னால்தான் நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளேயிருந்து அந்த மோட்டர்ச் சத்தம் காற்றையும் மீறிக்கொண்டு வந்தது. "பொய்! றோஸ்! உவரை. விடாதையும்! பொய்!"

இரண்டு கையையும் கூப்பி, சிரித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமலே அவள் சொன்னாள்:

"ஓம் அண்ணை. நாளைக்கும் வந்து இதையே சொல்லுங்கோ."